முன்பின் தெரியாத வக்கீலுக்கு எப்படி மெயில் எழுதுவது: கடலூர்த் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். மஞ்சக்குப்பத்தில் பிறந்து, புதுச்சேரி அலியான்ஸில் பிரெஞ்சு படித்து, இப்போது பாரீஸ் பக்கம் சார்செலில் குடியேறியிருக்கிறீர்கள். வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. ஆனால் வேலை வரவில்லை, வக்கீல்களுக்கும் நொத்தேர்களுக்கும் (சொத்து, வாரிசுப் பத்திரங்களை எழுதி உறுதிப்படுத்தும் சட்ட அலுவலர்கள்) மெயில் போட்டால் பதிலே இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே தொழில்தான். முத்தியால்பேட்டைக்காரி, பிரான்சுக்குப் போய் வெகுகாலமாகிவிட்டது, இப்போது லீவுக்கு வீட்டில் இருப்பதால் நிதானமாக எழுத முடிகிறது.

நீங்கள் அனுப்பிய மெயிலையும் சேர்த்துப் போட்டது நல்லதாயிற்று. அதில் உங்கள் படிப்பு இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, "தங்களோடு இணைந்து பணியாற்ற ஆவலாக உள்ளேன்" இருக்கிறது. அந்த வக்கீலுக்குப் பயன்படுகிற ஒரு வரிகூட இல்லை. ஆள் அனுப்புங்கள் என்று கேட்கிற மெயில் அவர்களுக்குத் தினமும் வருகிறது. அவர் மேசையில் நகராமல் கிடக்கும் ஃபைலைப் பற்றிப் பேசுகிற மெயில் எப்போதாவதுதான் வரும், அதைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

அவர் ஃபைல் ஏன் நகரவில்லை என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நம்மூர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் எஸ். கார்த்திக். அந்த எஸ் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் அது விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும், திருமணப் பதிவில் இனிஷியல் பின்னால் போயிருக்கும், பள்ளிச் சான்றிதழில் எழுத்துக்கூட்டலே வேறாக இருக்கும். பிரெஃபெக்த்தூரில், அதாவது அங்கே மாவட்ட அரசு அலுவலகத்தில், இருப்பவர் பார்த்தால் மூன்று பேர். அப்புறம் பழைய பிறப்புச் சான்றிதழ்: பெயர் என்ற இடம் காலியாக, "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். நமக்கு அது சர்வ சாதாரணம், பதிவு செய்த அன்று குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். அதை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் ஃபைல் திரும்பி வரும். ஊரில் நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பெயரைச் சேர்த்துப் புதிய சான்றிதழ் வாங்கி, அதற்கு அப்போஸ்தில் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று முத்திரை) போட்டு, அதற்குப் பிறகுதான் மொழிபெயர்ப்புக்கு வரவேண்டும். வரிசை மாறினால் அப்போஸ்திலை மொழிபெயர்க்கத் தனியாக இன்னொரு முறை செலவு. இதையெல்லாம் சொல்ல அந்த வக்கீலுக்கு ஆள் கிடையாது.

புதுச்சேரிக் குடும்பங்களின் ஃபைல் வேறு மாதிரி. 1881-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசின் ஆணைப்படி, மத, சாதி வழக்கப்படியான சொந்தச் சட்டத்தை விட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்கு வந்தவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள், அவர்கள் வாரிசுகளுக்கு எத்தா சிவில், அதாவது பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள், ஒழுங்காக இருக்கும். அதே தெருவில் அப்படி மாறாத குடும்பம் இருக்கும், அங்கே தாத்தா பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு மாதிரி. புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்டில் அமலுக்கு வந்தபோது எங்கள் ஊர்க்காரர்களில் யார் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்க வைத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி இன்றைக்கும் பேரப் பிள்ளைகளின் குடியுரிமை வழக்குகளில் வருகிறது. குடியுரிமைச் சட்டம் பார்க்கும் வக்கீல்கள் அதனால்தான் உங்களுக்கு முதல் கதவு. வக்கீல் சங்கங்களின் இணைய அட்டவணையில் வெளிநாட்டவர், குடியுரிமைச் சட்டம் என்று தனிப் பிரிவாகவே தேடலாம். பத்து பேரை எடுங்கள், ஒவ்வொருவருடைய பக்கத்தையும் படித்துவிட்டு எழுதுங்கள். முந்நூறு பேருக்கு ஒரே மெயில் அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மெயில் இப்படி இருக்கலாம், பிரெஞ்சில் நீங்களே எழுதிக்கொள்வீர்கள்:

"மேத்ர், தங்கள் பக்கத்தில் இந்தியக் குடும்பங்களின் குடியுரிமை வழக்குகளைப் பார்ப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழ்களில் பெயருக்கு முன்னால் வரும் எழுத்து தந்தை பெயரின் முதலெழுத்து. அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வதால் ஃபைல்கள் திரும்பி வருகின்றன. நான் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றப் பட்டியலில் உள்ள தமிழ் மொழிபெயர்ப்பாளர். இப்படிப்பட்ட இடங்களில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு சேர்த்துக் கொடுக்கிறேன். ஆவணத்தின் படத்தை அனுப்பினால் இரண்டு வேலை நாளில் விலை சொல்வேன், கட்டணம் தங்கள் கட்சிக்காரர் நேரடியாக எனக்குத் தருவார். மாதிரி ஒரு பக்கம் அனுப்பட்டுமா?"

அவ்வளவுதான். கடைசிக் கேள்விக்கு "சரி, அனுப்புங்கள்" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம். சந்திக்க நேரம் கேட்டால் அவர் டைரியைத் திறக்க வேண்டும், அதோடு மறந்துவிடுவார். முதல் மெயிலில் எந்த ஃபைலையும் இணைக்காதீர்கள், முன்பின் தெரியாதவர் அனுப்பிய இணைப்பைச் செயலர் திறக்க மாட்டார். வக்கீலையும் நொத்தேரையும் "மேத்ர்" என்றுதான் விளிக்க வேண்டும், நீங்கள் "முசியே" போட்டிருக்கிறீர்கள், அதை முதலில் மாற்றுங்கள். கீழே முழுப்பெயர், எந்த நீதிமன்றப் பட்டியல், சிரெத் எண் (அங்கே தொழில் பதிவு எண்), தொலைபேசி. "இனி எழுத வேண்டாமென்றால் ஒரு வரி சொல்லுங்கள்" என்பதும் இருக்கட்டும். அது மரியாதைக்கு மட்டுமில்லை, தொழில் சம்பந்தமான விஷயத்துக்குத் தொழில் செய்பவருக்கு மெயில் அனுப்ப அங்கே முன் அனுமதி தேவையில்லை என்றாலும், வேண்டாம் என்று சொல்ல வழி வைத்தே ஆகவேண்டும்.

அந்த மாதிரிப் பக்கத்தை நீங்களே கற்பனைப் பெயர் போட்டுத் தயாரியுங்கள். யாரோ கொடுத்த சான்றிதழில் பெயரை மட்டும் கறுப்படித்து அனுப்புவது கூடாது, தம்பி. ஊர், தேதி, பதிவு எண் இருந்தாலே சார்செலில் பாதிப் பேர் இது யார் வீட்டுக் காகிதம் என்று சொல்லிவிடுவார்கள். வக்கீலும் அதைப் பார்த்து, நாளைக்கு என் கட்சிக்காரர் காகிதமும் இப்படித்தான் ஊர் சுற்றுமோ என்றுதான் நினைப்பார்.

கமிஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆள் அனுப்பினால் பத்து சதவீதம் தருகிறேன் என்று ஒரு வக்கீலுக்கு எழுதவே எழுதாதீர்கள். ஆள் பிடித்துக் கொடுப்பதற்குக் காசு என்பது அங்கே வக்கீல்களின் தொழில் விதியிலேயே தடை. அந்த ஒரு வரியைப் படித்ததும் உங்களைப் பற்றிய முடிவு எடுக்கப்பட்டுவிடும். நீங்கள் திருப்பித் தரக்கூடியது வேறு: உங்களிடம் வரும் குடும்பத்துக்கு வக்கீல் தேவைப்பட்டால் இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லி, அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

பதில் வரவில்லையா, பத்து நாள் கழித்து அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரி. அதற்கும் இல்லையென்றால் அலுவலகத்துக்குப் போன் செய்து செயலரிடம் பேசுங்கள், மொழிபெயர்ப்பாளரைத் தேடும் வேலை பல இடங்களில் அவர் தலையில்தான் இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். எனக்கு நிலையாக வேலை அனுப்புகிறவர்களில் மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் முக்கியமானவர்கள். இந்தியா என்றாலே இந்திக்காரரைக் கூப்பிடுகிற அலுவலகங்கள் உண்டு, அவர் தமிழ்க் காகிதத்தைப் பார்த்து என்ன செய்வார்? ஏனாம் குடும்பத்தின் காகிதம் தெலுங்கில் வரும், மாஹே என்றால் மலையாளம், காரைக்கால் நம்முடையது. பட்டியலில் இருக்கும் இந்தி, தெலுங்கு, மலையாளம், வங்காள மொழிபெயர்ப்பாளர்களுக்கு எழுதுங்கள், இலங்கைத் தமிழர்களுக்கு வேலை செய்யும் மூத்த தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் எழுதுங்கள். போட்டியாளர் என்று தயங்க வேண்டாம், அவர்களுக்கும் லீவு வரும், அவசர வேலை குவியும். இவர்கள் மெயிலுக்குப் பதில் போடுவார்கள்.

கடலூர், புதுச்சேரி வக்கீல்களுக்கும் இதே மெயிலை அனுப்பலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம், இங்கே அது வேலைக்கு ஆகாது. பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுச் சொத்தைப் பார்க்கும் வக்கீல்கள் உங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். தெரிந்தவர் யாராவது ஒரு வார்த்தை சொல்ல, நீங்கள் ஊருக்கு வரும்போது நேரில் போய் உட்கார்ந்து, வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கையில் பிரெஞ்சுக் காலத்துப் பத்திரம் ஒன்றை அவர் நீட்டினால் அங்கேயே படித்துப் பொருள் சொல்லுங்கள், அதற்குக் காசு கேட்காதீர்கள்.

பாரீஸ் மெயில்களை ஆகஸ்டில் அனுப்ப வேண்டாம், பாதி அலுவலகம் பூட்டியிருக்கும். செப்டம்பர் இரண்டாவது வாரம் ஆரம்பியுங்கள், அதற்குள் மாதிரிப் பக்கம் தயாராகட்டும். பிரெஞ்சில் எழுதிய மெயிலை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.