ஏழு வகைப் பலகாரமும் இரண்டு கைகளும்

கேள்வி: கல்லடியில் வசிக்கும் ஆசிரியை நான். இரண்டு பிள்ளைகள். அம்மாவும் எங்களுடன்தான் இருக்கிறார். நத்தாருக்குக் கேக், தொதல், முறுக்கு, பயற்றம் உருண்டை, அச்சில் தோய்த்துப் பொரிக்கும் கொக்கிஸ் என்று ஏழு வகையும் வீட்டிலேயே செய்து அயலுக்குத் தட்டு அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, செய்வது நான். கடையில் வாங்கலாம் என்றால் முகம் வாடிவிடுகிறது. கொக்கிஸை விடும் பேச்சையே எடுக்க முடியாது. அந்த அச்சு, 2004 சுனாமியில் நாவலடியில் கடலோடு போன சின்னம்மா அந்த நத்தாருக்கு இரவலாகத் தந்தது. ஒரு பக்கம் விடைத்தாள்கள், மறுபக்கம் விடாத மழை. போன வருடம் நள்ளிரவுப் பூசையில் தூங்கியே விட்டேன். மார்கழி என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. எனக்கு ஏன் சந்தோஷமே வருவதில்லை?

பதில்: பூசையில் தூங்கியதை விடுங்கள், தங்கச்சி. பெத்லகேம் தொழுவத்திலும் அன்றிரவு எல்லோரும் கண்விழித்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அவர் இளவயதில் இந்த ஏழு வகையையும் எத்தனை பேர் சேர்ந்து செய்தார்கள்? எங்கள் வீட்டில் அடுப்பைச் சுற்றி பெரியம்மா, சின்னம்மா, மச்சாள்மார் என்று ஆறேழு பேர் இருந்தார்கள். மா அரிக்க ஒருத்தி, தேங்காய் துருவ ஒருத்தி, வம்பளக்க எல்லோரும். பிறகு ஒருத்தி கனடா போனாள், ஒருத்தி கொழும்பு போனாள். கைகள் குறைந்தன; பலகாரத்தின் எண்ணிக்கையை மட்டும் யாரும் குறைக்கவில்லை. நீங்கள் ஏழு பேரின் வேலையைத் தனியாகச் செய்துவிட்டு, சந்தோஷம் வரவில்லையே என்று உங்களையே குறை சொல்கிறீர்கள்.

உங்கள் கணவர் கடிதத்தில் எங்குமே வரவில்லை. வெளிநாட்டில் இருந்தால் மன்னிக்கவும். வீட்டில் இருந்தால் தொதல் கிண்ட விடுங்கள். அது தோள் வலு கேட்கும் வேலை.

ஆனால் கொக்கிஸை விடாதீர்கள். ஏழில் ஆறு அம்மாவுக்குப் பழக்கம். கொக்கிஸ் அப்படியல்ல, அது திருப்பிக் கொடுக்க முடியாமல் போன இரவல். மற்றவற்றில் பிள்ளைகள் தேடுவது எது என்று அவர்களிடமே கேட்டு, அதில் ஒன்றைச் செய்யுங்கள். மிச்சத்தைக் கடையில் வாங்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், இருக்கட்டும்.

கொக்கிஸுக்கு, நத்தாருக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறைப் பிடியுங்கள். ரோஸ் நிற மெழுகுதிரி ஏற்றும் அந்த நாளுக்கு மகிழ்ச்சி ஞாயிறு என்றே பெயர். பூசை முடிந்து வந்ததும் அம்மாவை அடுப்பருகே நாற்காலியில் உட்கார்த்தி, அச்சை அவர் கையில் கொடுங்கள். எண்ணெயிலேயே அச்சைச் சூடாக்கி, மாவில் முக்கால்வாசி மட்டும் தோய்க்க வேண்டும். விளிம்பைத் தாண்டி மா ஏறினால் கழன்று விழாது. எப்படியும் முதல் நாலைந்து உடையும். அது பிள்ளைகளுக்கு. ஆறிய கையோடு டின்னில் போட்டு இறுக மூடுங்கள். இந்த மழை ஈரத்தில் வெளியே வைத்தால் ஒரே நாளில் நமத்துப்போகும்.

தட்டுகளையும் 25ஆம் திகதிக்குள் அனுப்பியே தீர வேண்டும் என்றில்லை. திருவழிபாட்டில் நத்தார் காலம் தொடங்குவதே அன்றைக்குத்தான். ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அது போகிறது. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் உங்களுக்குத் தட்டு அனுப்புகிற அயலவர்கள் நாள் பார்த்துக் கோபிக்க மாட்டார்கள்.

டின்னில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். 26ஆம் திகதி காலை 9.25க்கு சுனாமியில் போனவர்களுக்காக நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காப்பார்கள். அது முடிந்ததும் தேநீர் ஊற்றி, டின்னைத் திறந்து, சின்னம்மா எப்படிப்பட்டவர் என்று அம்மாவிடம் கேளுங்கள். பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும்.