வீட்டில் படிப்பிக்க எந்தப் பாடத்திட்டம்? மூன்று பிள்ளைகளின் தாய் கேட்கிறார்

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மூத்தவனுக்கு 11 வயது, தரம் 6. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான், புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டியேதான் வாசிப்பான். வகுப்பில் கேலி தாங்காமல் போன தவணையோடு நின்றுவிட்டான். மகளுக்கு 8 வயது, ஓட்டிசம் என்று பேராதனை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சத்தம் என்றால் காதைப் பொத்திக்கொள்வாள், பாடசாலையில் அரை நாள்கூட இருக்கமாட்டாள். கடைக்குட்டி தரம் 1, இப்போதே அக்காவின் புத்தகத்தை வாசிக்கிறான். மூவரையும் வீட்டிலேயே படிப்பிக்க யோசிக்கிறேன், முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள்தான். இணையத்தில் ஒரு அமெரிக்கப் பாடத்திட்டம் விற்கிறார்கள். பிள்ளைக்கு ஒன்றாக மூன்று வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஒரு தவணை முடியும்வரை எதையுமே வாங்காதீர்கள்.

அந்த மாதிரிப் பொதிகளில் படமும் நிறமும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வாசிப்புப் பாடம் முழுக்க ஆங்கில ஒலிகளை வைத்துக் கட்டியது, கணக்கில் அங்குலமும் இறாத்தலும் டொலரும் வரும், எல்லாமே வீட்டில் ஆங்கிலம் பேசுகிற பிள்ளையை மனதில் வைத்து எழுதியது. தமிழ் எழுத்தோடேயே மல்லுக்கட்டுகிற உங்கள் மகனுக்கு அதைக் கொடுத்தால் ஒரு சுமைக்கு மேல் இன்னொரு சுமை, அதுவும் டொலரில் காசு கட்டி.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம் (முன்பு 14, 2016இல்தான் 16 ஆக்கினார்கள்). வீட்டுக் கல்விக்கென்று தனியான பதிவு முறை இங்கே கிடையாது. அதனால் அவசரப்பட்டு விடுகைப்பத்திரம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், பெயர் இடாப்பிலேயே இருக்கட்டும். பிள்ளைகளின் நிலையை எழுதி அதிபருக்கு ஒரு கடிதம், அதன் பிரதியை வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, மகளுடையதோடு மருத்துவ அறிக்கையின் போட்டோகொப்பியும். வீட்டில் செய்கிற வேலைகளைத் திகதி போட்டுக் கொப்பியில் வையுங்கள், நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட அதுதான் இருக்கும். அப்படியே வலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தித்து, பக்கத்தில் எந்தப் பாடசாலையில் விசேட கல்வி அலகு இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். மகளை வாரத்தில் இரண்டு நாளாவது அனுப்பக்கூடிய இடமாக இருந்தால் அது உங்களுக்கும் மூச்சு விட நேரம் தரும்.

கடைக்குட்டியைப் பாடசாலையிலிருந்து எடுக்க வேண்டாம். நன்றாக வாசிப்பது பிள்ளையை நிறுத்துவதற்குக் காரணமே அல்ல. அவனுக்கு அடுத்த தரத்துப் புத்தகத்தை வாங்கித் திணிக்காமல் சிங்களமும் ஆங்கிலமும் காதில் விழும்படி செய்யுங்கள். மலையகத்தில் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்கு சிங்களத்தின் அருமை தெரியும்.

மற்ற இருவருக்கும் என் சிபாரிசு நம்முடைய அரசாங்கப் பாடவிதானம்தான். மஹரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் தரவாரியாக, பாடவாரியாக ஆசிரியர் வழிகாட்டி போடுகிறது, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களை இலவசமாக இறக்கலாம், இரண்டும் தமிழில். பெற்றோர் பாடநூலை மட்டும் பார்த்துவிட்டு வழிகாட்டியை விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது வழிகாட்டி. ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளை என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம் என்று அதில் எழுதியிருப்பார்கள். அந்தத் தேர்ச்சியை வாசித்து அடைகிறானா, கேட்டு அடைகிறானா, கையால் செய்து அடைகிறானா என்பது உங்கள் வசதி. பாடவிதானம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் தரத்தைப் பாடத்துக்குப் பாடம் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். மகன் விஞ்ஞானத்தில் தரம் 6, தமிழ் வாசிப்பில் தரம் 2 என்றால் அப்படியே இருக்கட்டும். பாடசாலையில் செய்ய முடியாத, வீட்டில் மட்டும் செய்யக்கூடிய காரியம் அதுதான்.

எந்தத் தரம் என்று எப்படிப் பார்ப்பது? தரம் 2, 3, 4 தமிழ்ப் புத்தகங்களில் நூறு சொல் வருகிற ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து பிழைக்குள் வந்தால் அது அவனுக்கு இலகு. ஐந்துக்கும் பத்துக்கும் இடையில் என்றால் நீங்கள் பக்கத்தில் இருந்து படிப்பிக்கத் தோதான புத்தகம். பத்தைத் தாண்டினால் மூடி வையுங்கள். 'வந்தார்கள்' என்று இருப்பதை 'வந்தாங்க' என்று வாசித்தால் அதைப் பிழையில் சேர்க்காதீர்கள், அவன் பொருளைப் பிடித்துவிட்டான்.

கணக்குக்கும் ஒரு சோதனை உண்டு. வசனக் கணக்கு ஒன்றை அவனையே வாசித்துச் செய்யவிடுங்கள். பிறகு அதே மாதிரி இன்னொன்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்: காலையில் 9 கிலோ, பகலில் 7 கிலோ, மாலையில் 6 கிலோ தேயிலைக் கொழுந்து, மொத்தத்தில் 2 கிலோ கழித்தால் எத்தனை கிலோ மிஞ்சும்? காதால் கேட்டதும் 20 என்று சட்டென்று சொன்னால் அவனுக்குக் கணக்கில் குறையில்லை, வாசிப்பில்தான் இருக்கிறது. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தோன்றுகிறது, ஆனாலும் டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) என்று நாமே பெயர் வைக்கக்கூடாது. கண்ணையும் காதையும் முதலில் சோதியுங்கள், அப்புறம் மகளைப் பார்க்கிற டொக்டரிடமே இவனையும் பார்க்கக் கேளுங்கள்.

அறிக்கை வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. தமிழ் எழுத்தில் இந்தப் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் உயிர்மெய். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். 'கொ'வில் க-வின் இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டுகிற பிள்ளை அங்கே குழம்பாமல் என்ன செய்யும்? ஆகவே 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்புவிக்கச் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு ஒரு குறி எடுங்கள். தட்டில் அரிசி மாவைப் பரப்பி, 'கெ' என்று வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும், அதே குறியோடு செ, தெ, பெ, மெ, அப்புறம் அந்தக் குறி வருகிற நாலைந்து சொற்கள். நீளமான சொல்லைத் துண்டு போட்டுக் கொடுங்கள்: படித்துக்கொண்டிருந்தார்கள் என்றால் படித்து, கொண்டு, இருந்தார்கள். ஒரு நாளைக்கு பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும். விஞ்ஞானம், வரலாறு எல்லாம் நீங்கள் வாசிக்க அவன் கேட்கட்டும், பதிலை வாயால் சொல்லட்டும். வாசிப்பு வரும்வரை மற்றப் பாடங்களைக் காத்திருக்க வைத்தால் 14 வயதில் வாசிப்பும் இருக்காது, விஷயமும் இருக்காது.

மகளுக்குப் பாடத்தைவிட ஒழுங்குதான் முக்கியம். ஒரு நாளில் என்னென்ன, எதற்குப் பிறகு எது என்பதைப் படமாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டுங்கள், முடிந்ததை அவளே கழற்றி ஒரு டப்பாவில் போடட்டும். மாற்றம் இருந்தால் முதல் நாளே படத்தை மாற்றிக் காட்டுங்கள். நேரத்தையும் லயத்து வீடுகளின் சத்தத்தைப் பார்த்து வையுங்கள், பெரட்டு (காலையில் வேலை பிரித்துக் கொடுப்பது) முடிந்து எல்லோரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன பிறகு பக்கத்துக் காம்பராக்களில் (லய வீடுகளில்) டிவிச் சத்தம் இருக்காது, அவளுக்கு அதுதான் படிக்கிற நேரம். ஆரம்பத் தரங்களில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்றொரு பாடம் இருக்கிறதல்லவா, அதில் பாதிக்கு மேல் எழுதாமலே செய்யலாம். பக்கத்துக்குப் பத்துக் கணக்கு இருந்தால் நான்கு மட்டும் கொடுங்கள். ரயில் பிடிக்கும் என்றால் ரயிலிலிருந்தே தொடங்குங்கள், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை என்று ஸ்டேஷன் பலகைகளை வரிசைப்படுத்துவதும் வாசிப்புதான், எண்ணுவதும் கணக்குதான். பேச்சுப் பயிற்சி நடக்கிறதென்றால் அதை நிறுத்தாதீர்கள், எந்தப் பாடத்திட்டமும் அதற்கு ஈடாகாது.

பரீட்சை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் தோற்றலாம். வாசிப்பு, எழுத்துச் சிரமம் உள்ளவர்களுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளுக்குப் பரீட்சைத் திணைக்களத்திடம் மருத்துவ அறிக்கையோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மகனின் பரிசோதனையை இப்போதே தொடங்கச் சொல்வது அதற்காகவும்தான். லண்டன் சாதாரண தரத்தையும் பிரிட்டிஷ் கவுன்சில் வழியாகத் தனியாக எழுதலாம், ஆனால் செலவு அதிகம், ஆங்கில மொழிமூலம் வேறு. அந்தப் பேச்சை மூத்தவன் தமிழில் ஒரு பக்கத்தைத் தடையில்லாமல் வாசித்த பிறகு எடுப்போம். தவணை முடிவில் அந்த நூறு சொல் சோதனையை மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு தடவையும் எத்தனை பிழை என்று எனக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகும் ஏதாவது வாங்கத்தான் வேண்டுமென்றால், எது என்று அப்போது பார்க்கலாம்.