‘பார்ட்ஸ் வராது’ என்று சொல்லிவிட்டார்களா?

கேள்வி: 2012இல் வாங்கிய மடிக்கணினி. பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. ஒரு மாதமாகத் திரையில் குறுக்கே கோடுகள் வேறு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் “இந்த மாடல் முடிந்துவிட்டது, பார்ட்ஸ் வராது” என்கிறார்கள். வெளியே ஒரு மெக்கானிக், “மதர்போர்டாக இருக்கும், வைத்துவிட்டுப் போங்கள்” என்கிறார். உதிரி பாகம் எங்கே கிடைக்கும்? செலவு செய்யலாமா?

பதில்: முதலில், வைத்துவிட்டுப் போகாதீர்கள். மூடியைக் கழற்றாமலே மதர்போர்டு என்று சொல்பவருக்குக் கோளாறு தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். பழைய மாடல் என்றால் கேட்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் நல்ல ராம், நல்ல ஹார்டு டிஸ்க் எல்லாம் வேறொரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடும். திரும்பி வரும்போது உங்கள் மெஷின் உண்மையிலேயே செத்திருக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். எச்டிஎம்ஐ கேபிளால் டிவியோடு இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் சுத்தமாகத் தெரிந்தால், பெரும்பாலும் கோளாறு மதர்போர்டில் இல்லை. அடுத்து, திரையை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். கோடுகள் வந்து வந்து போனால் கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள் நைந்திருக்கிறது, அல்லது முனையில் கழன்றிருக்கிறது. அசைத்தும் கோடுகள் அப்படியே இருந்தால் பெரும்பாலும் பேனல், அதாவது படம் காட்டும் திரைத் தகடு. டிவியிலும் அதே கோடுகள் வந்தால்தான் போர்டு. அப்போதும் “சூடு காட்டிச் சரிசெய்து தருகிறேன்” என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஹீட் கன்னால் சிப்பைச் சூடாக்கினால் சில நாள், சில வாரம் ஓடும். பணம் வாங்கிக்கொள்ள அவருக்கு அது போதும்.

சரி, “பார்ட்ஸ் வராது” என்பதற்கு வருவோம். அந்தக் கம்பெனி இனி அதை இருப்பு வைக்காது, அவ்வளவுதான் பொருள். ஆப்பிளாவது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது: விற்பனையை நிறுத்தி 7 ஆண்டு தாண்டினால் வழக்கொழிந்தது, மடிக்கணினி பேட்டரிக்கு மட்டும், கையிருப்பு இருந்தால், 10 ஆண்டு வரை வாய்ப்பு உண்டு. இப்படி ஒரு கணக்கைக்கூடச் சொல்லாமல் கவுண்டரில் உதட்டைப் பிதுக்கி அனுப்பிவிடும் இடங்களே அதிகம். பத்து ஆண்டு உழைக்கிற பொருளைச் செய்துவிட்டு, அதற்குள் பாகத்தை நிறுத்திவிடுவது என்ன நியாயமோ!

உங்களுக்குச் சாதகமான விஷயம், பேனலை மடிக்கணினிக் கம்பெனி செய்வதில்லை. எல்ஜி, ஏயூஓ, சாம்சங் போன்றவர்கள் செய்ததை வாங்கி எல்லாரும் மாட்டினார்கள். ஒரே பேனல் நாலைந்து பிராண்டுகளில் இருக்கும். அதனால் மடிக்கணினியின் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். அதே பெயரில் வெவ்வேறு பேனல்கள் போட்டு விற்றிருப்பார்கள். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். கேபிள் செருகும் வாயையும் ஸ்க்ரூ பூட்டும் காதுகளையும் ஒரு போட்டோ எடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள். உங்கள் காலத்து மெஷின்களில் பெரும்பாலும் 40 பின், பிறகு வந்தவற்றில் 30 பின். ஒன்றுக்கு மற்றது சேராது. கழற்றும் முறைக்கு எச்பி, டெல், லெனோவோ மூன்றும் சர்வீஸ் கையேட்டை இலவசமாகவே வெளியிட்டிருக்கின்றன. பாகங்களின் எண்ணும் பெரும்பாலும் அதிலேயே கிடைக்கும்.

இன்னும் எளிய வழி, அதே மாடலில் செத்துப்போன ஒன்றை வாங்கிவிடுவது. பேனல், கேபிள், கீல், கீபோர்டு, ஃபேன், தொலைந்துபோன ஸ்க்ரூ வரை எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். பழைய பாகம் என்று தயங்க வேண்டாம்.

ஆனால் பேட்டரி மட்டும் கூடாது. பழையதும் கூடாது, “பிரிக்காத ஒரிஜினல்” என்று விற்கும் பழைய இருப்பும் கூடாது. லித்தியம் அயான் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்தாலும் கிழடாகும். நானே ஏமாந்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாத ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கிவந்து மாட்டினேன். ஆரஞ்சு விளக்கு நாலு முறை மினுக்கியது, அத்தோடு சரி. கழற்றி லேபிளைப் பொடி எழுத்தில் தேடினால், தயாரித்து எட்டு ஆண்டு. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, ஒரிஜினல்தான்.

அதனால் அண்மையில் தயாரான வேறு கம்பெனி பேட்டரியே உங்களுக்கு மேல். தயாரிப்புத் தேதியைக் கேட்டு, திருப்பிக் கொடுக்கலாமா என்பதையும் உறுதிசெய்து வாங்குங்கள். லேபிளில் 10.8 வோல்ட், 11.1 வோல்ட் என்று வேறுபட்டிருந்தால் பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். 14.4 என்றால் அது வேறு சாதி, தொடாதீர்கள். ஆறு செல் பேட்டரியில் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் பொய். உள்ளே இருக்கும் விரல் பருமன் செல் ஒன்று அதிகபட்சம் 3,500 அளவுதான் கொள்ளும். மும்மூன்றாக இரண்டு வரிசை சேர்த்தாலும் 7,000 தாண்டாது. 4,400, 5,200 என்று அடக்கமாகப் போட்டிருப்பவரை நம்பலாம்.

இதிலும் ஒரு வம்பு உண்டு. 2012இல் வந்த சில திங்க்பேட் மாடல்கள் வெளி பேட்டரியை அடையாளம் கண்டு சார்ஜ் ஏற்ற மறுக்கும். நம் பணத்தில் வாங்கிய மெஷின் நம் பேட்டரியை வேண்டாம் என்கிறது! உங்களுடையது அந்த வகை என்றால், அதே மாடலில் ஓடுகிறது என்று விற்பவர் எழுதித் தரட்டும். செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். உள்ளிருக்கும் சிப் பூட்டிக்கொள்ளலாம்; வெல்டிங் சரியில்லை என்றால் தீப்பிடிக்கலாம்.

செலவு செய்யலாமா என்றால், கேபிளும் பேட்டரியும் மட்டும் என்றால் யோசிக்காமல் செய்யுங்கள். பேனலும் சேர்ந்தால், செத்த மெஷின் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். போர்டு என்றால் விட்டுவிடலாம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. உங்கள் மெஷினில் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டால் எழுத, படிக்க, படம் பார்க்கத் தாராளம்.

கையில் எடுக்கும்முன் உங்கள் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். முதலில் டிஸ்ப்ளே கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகிப் பாருங்கள். சில கேஸ் அங்கேயே முடிந்துவிடும். பேட்டரியைக் கடைசியில் வாங்கலாம், அதுவரை சார்ஜரில் ஓட்டுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், இன்றே கழற்றி அப்புறப்படுத்துங்கள். கடையில் கொடுத்துத்தான் மாற்றுவீர்கள் என்றால், எதிரிலேயே உட்காருங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வாருங்கள்.