தேவ சித்தம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

முப்பது வருடம் வேதாகமக் கல்லூரியில் பழைய ஏற்பாடு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தேவ நோக்கம், அழைப்பு, கீழ்ப்படிதல் பற்றிக் கேளுங்கள். கனவுக்கு அர்த்தம் சொல்ல வராது. வரன் பார்க்கவும் வராது.

வேலூர், செவிலியர்: ஸ்தோத்திரம் ஐயா. என் வாழ்க்கையில் தேவனுடைய நோக்கம் என்ன என்று மூன்று வருடமாக உபவாசித்து ஜெபிக்கிறேன். பதில் இல்லை. நான் எங்கே தவறுகிறேன்?

தவறுகிறீர்கள் என்று யார் சொன்னது, மகளே? தேவன் எதையோ ஒளித்து வைத்துவிட்டு நம்மைத் தேடவிட்டு வேடிக்கை பார்க்கிறார் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'இதுதான் தேவனுடைய சித்தம்' என்று பவுல் வெளிப்படையாக எழுதின இடங்களைப் பாருங்கள். பரிசுத்தமாயிருங்கள் என்கிறார் (1 தெசலோனிக்கேயர் 4). எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யுங்கள் என்கிறார் (அதே நிருபம், 5). எந்த ஊர், எந்த வேலை, என்ன சம்பளம் என்பதெல்லாம் அங்கே இல்லை. தெரிந்த பாதியைச் செய்கிறவர்களுக்கு மீதி போகிற வழியில் தெரியவரும்.

உங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐடா ஸ்கடர் 1870-ல் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். மிஷனரி ஆகவே கூடாது என்று உறுதியாக இருந்தவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். அங்கே ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கோ மருத்துவம் தெரியாது. அப்பா மருத்துவர்தான், ஆனால் ஆண் என்பதால் அந்த வீடுகளில் அவரை உள்ளே விடமாட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். வானத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததுதான் நமக்கு முக்கியம். மருத்துவம் படித்து 1899-ல் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூர் வந்து சின்னதாக ஒரு மருந்தகம் தொடங்கினார். 1902-ல் மருத்துவமனை, 1909-ல் செவிலியர் பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. பள்ளி தொடங்கும்போது அவருக்கு 47 வயது. அந்த இரவில் இதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. மருத்துவம் படிக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது, படித்தார். உங்கள் வார்டிலும் யாரோ கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

கோவை, ஐடி ஊழியர், 24 வயது: ஐயா, கன்வென்ஷனில் ஒரு தீர்க்கதரிசி என்னை எழுப்பி, 'வேலையை விடு, முழுநேர ஊழியத்துக்கு உன்னை அழைக்கிறேன் என்கிறார் ஆண்டவர்' என்று சொன்னார். இந்த மாதம் ராஜினாமா செய்யலாம் என்றிருக்கிறேன். வீட்டுக் கடன் தவணை ஓடுகிறது.

தம்பி, பொறுங்கள். இந்த எச்சரிக்கையை இன்றைக்கு இன்னும் பல தடவை சொல்வேன், மன்னியுங்கள்: இன்னொருவர் வாய்வழி வந்த வார்த்தையை மட்டும் நம்பி வேலையை விடாதீர்கள், நகையை விற்காதீர்கள், காணிக்கைக்குக் கடன் வாங்காதீர்கள்.

1 இராஜாக்கள் 13-ஐ இன்று இரவு வாசியுங்கள். யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவ மனுஷனுக்கு, அங்கே சாப்பிடாதே, வந்த வழியே திரும்பாதே என்று நேரடிக் கட்டளை இருந்தது. கிழவனான ஒரு தீர்க்கதரிசி வந்து, 'எனக்குத் தூதன் சொன்னான், வா சாப்பிடலாம்' என்றான். பொய். நம்பிப் போனவனை வழியில் சிங்கம் கொன்றது. பொய் சொன்னவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிற்றைக் கலக்கும் அதிகாரம் அது.

வார்த்தை உண்மையாகவே இருந்தாலும் முடிவு நம்முடையதுதான். அப்போஸ்தலர் 21-ல் அகபு சொன்னது சரியான தீர்க்கதரிசனம்: எருசலேமில் பவுலைக் கட்டுவார்கள். கேட்டவர்கள் அழுது, போகாதே என்றார்கள். பவுல் போனார்.

முழுநேரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1895-லிருந்து 1909 வரை ஒய்.எம்.சி.ஏ. செயலராக வேலை பார்த்தார். அதற்குள்ளேதான் 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். அந்தச் சங்கம் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லில் வேலை செய்தது. பிறரை அனுப்பிக்கொண்டிருந்தவர் 1909-ல் தானே அங்கே போனார். 1912-ல் பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அவர் சுமந்துகொண்டிருந்த வேலையே அவரை அங்கே இழுத்தது. நீங்கள் இப்போது எதைச் சுமக்கிறீர்கள்? ஞாயிறு பள்ளியா? உங்கள் ஆயருக்கு இது தெரியுமா? அம்மா அப்பாவுக்கு?

கனவில் வெள்ளைக் குதிரை கண்டவர்: அர்த்தம் என்ன?

மேலே சொல்லிவிட்டேன்.

திருச்சி: ஐயா, இந்த வருட வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்த வசனம் எரேமியா 29:11: 'நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' வேலை நிச்சயம் கிடைக்கும் என்று பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது மாதம் ஆகிவிட்டது.

இது என் பாடம், கொஞ்சம் நீளும். அது தனி ஒருவருக்கு எழுதப்பட்டதல்ல. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பும் என்று பிரசங்கித்தான். ஜனங்களுக்கு இனித்திருக்கும். எரேமியாவோ 70 வருடம் என்றார். அப்படியானால் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அங்கேயே சாவார்கள். அதற்கு அடுத்த வசனம்தான் உங்கள் அட்டையில் இருப்பது.

இன்னொன்று. ஆங்கிலப் பதிப்புகள் சிலவற்றில் அங்கே 'திட்டங்கள்' என்று இருக்கும். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 'நினைவுகள்' என்றிருக்கிறது. எபிரெயச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். எனக்குத் தமிழ்தான் பிடிக்கும். திட்டம் என்றவுடன் தேதி கேட்போம். நினைவு என்றால், தூரத்தில் இருக்கும் பிள்ளையைப் பெற்றவர் நினைத்துக்கொண்டிருப்பதுபோல.

கீழ்ப்படிய வேண்டியது அதே அதிகாரத்தின் 5 முதல் 7 வரையுள்ள வசனங்களில் இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். விண்ணப்பங்கள் போடுவதை நிறுத்தாதீர்கள் தம்பி. சின்ன வேலை வந்தாலும் சேருங்கள்.

நாகர்கோவில்: வாக்குத்தத்த அட்டையைக் கேலி செய்வது சரியில்லை ஐயா. யூதாசின் இடத்துக்கு அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டுத்தானே மத்தியாவைத் தெரிந்துகொண்டார்கள்?

கேலி செய்யவில்லை. ஆனால் கேட்டுவிட்டீர்கள். அவர்கள் முதலில் தகுதி பார்த்தார்கள்: யோவான் ஸ்நானம் தொடங்கி ஆண்டவர் பரமேறினதுவரை கூட இருந்தவனாக இருக்க வேண்டும். இரண்டு பேர் மிஞ்சின பிறகுதான் சீட்டு. பெந்தெகொஸ்தேக்குப் பிறகு சபை சீட்டுப் போட்டதாக எங்கும் எழுதியில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டு சுற்றி வருகிறதே, அதில் 'உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு' என்ற அட்டையை யாராவது எடுத்திருக்கிறீர்களா? அதே வசனத்தின் 'திடன்கொள்ளுங்கள்' மட்டும் அச்சாகி வரும்.

மதுரை, சகோதரி: அப்பா இறந்த வருடம் அம்மாவுக்கு வந்த அட்டை, 'நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை.' தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவார்கள். அதுவும் தப்பா ஐயா?

இல்லையம்மா. யோசுவாவுக்குச் சொன்னதை எபிரெயர் 13 எல்லா விசுவாசிகளுக்கும் எடுத்துச் சொல்கிறது. உங்கள் அம்மா சரியானதைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

நாகர்கோவில்: அப்படியென்றால் எரேமியாவையும் அதேபோல் பிடிக்கலாமே!

பாதி ஒத்துக்கொள்கிறேன். அன்று அவர்களைப்பற்றிச் சமாதானமாய் நினைத்தவர் இன்று திருச்சித் தம்பியைப்பற்றியும் அப்படித்தான் நினைக்கிறார். அதைத் தாராளமாகப் பிடிக்கலாம். வேலை நியமன உத்தரவாக வாசிக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. என் வீட்டுப் பிரிட்ஜிலும் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. என் மனைவி ஒட்டியது, அதை நான் தொடுவதில்லை.

சென்னை: தேவ சித்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் பதில்.

பெங்களூர்: கிதியோன் மாதிரி அடையாளம் கேட்கலாமா? நாளை மழை பெய்தால் அந்த வேலையில் சேரலாம் என்று.

கிதியோனுக்குக் கட்டளை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஆட்டுத்தோலைப் போட்டு, அதன்மேல் மட்டும் பனி பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டது சந்தேகத்தால். அவரே, 'கோபம் மூளாதிருப்பதாக' என்று பயந்துகொண்டுதான் இரண்டாம் தடவை கேட்டார். மழைக்காலத்தில் இந்த ஜெபம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, 62: எனக்கு இனிமேல் என்ன நோக்கம் ஐயா?

காலேப் 85 வயதில் தன் பங்காக மலைநாட்டைக் கேட்டான். நீங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஓசூர், கணக்கர்: முதலாளி பொய் பில் போடச் சொல்கிறார். போடாவிட்டால் வேலை போகும். இதில் தேவ சித்தம் எது?

இதற்கு மூன்று வருடம் ஜெபிக்க வேண்டாம், தெரிந்ததுதான். ஆனால் தானியேல் செய்த விதத்தைப் பாருங்கள். ராஜாவின் போஜனத்தால் தீட்டுப்படுவதில்லை என்று மனதில் முடிவெடுத்தான், அப்புறம் சண்டை போடாமல் பிரதானியிடம் வேண்டிக்கொண்டான். விசாரிப்புக்காரனிடம் பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்றான். நீங்களும் கணக்கைச் சரியாகக் காட்டும் வழியோடு முதலாளியிடம் தனியாகப் பேசுங்கள். கேட்கவில்லையென்றால் போடாதீர்கள். வேறு வேலை தேடுவதை இன்றே தொடங்கிவிடுங்கள்.

சேலம்: இந்த வரன் தேவ சித்தமா?

பெற்றோரையும் உங்கள் ஆயரையும் கேளுங்கள். முக்கியமாக, பெண்ணைக் கேளுங்கள்.

தூத்துக்குடி: என்னைக்குறித்து தேவ நோக்கம் என்ன என்று ஜெபித்துச் சொல்வீர்களா?

ஜெபிப்பேன். சொல்லமாட்டேன்.

கோவை, ஐடி ஊழியர்: ஐயா, 1 இராஜாக்கள் 13 வாசித்தேன். வீட்டில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவார்கள்.

இன்றைக்கே சொல்லுங்கள் தம்பி. அழட்டும், கூட உட்காருங்கள். ராஜினாமா கடிதம் அனுப்பாமலே இருக்கட்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரைப் பாருங்கள், என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். ஏழரைக்கு வேதபாட வகுப்பு, நான் கிளம்புகிறேன்.