போல்ட் இணைப்பில் உராய்வு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (திருவொற்றியூர்): உராய்வு இணைப்புக்காக ஷாட் பிளாஸ்ட் செய்து (இரும்புக் குருணையை வேகமாக வீசிப் பரப்பைச் சொரசொரப்பாக்கி) வைத்த பிளேட்டுகள் சில நாளில் லேசாகத் துருப்பிடித்துவிட்டன. மறுபடி பிளாஸ்ட் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் கடற்காற்றில் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். உதிரும் துருவைக் கைப்பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். மின்பிரஷ் கொண்டு மினுங்கத் தேய்த்தால் சொரசொரப்பே போய்விடும். மணல் பிளாஸ்ட் செய்த பரப்புக்கு உராய்வுக் கெழுவாக 0.48 தரும் ஐ.எஸ். 800 (எஃகுக் கட்டுமானத்துக்கான இந்திய விதிநூல்), அதுவே லேசாகத் துருவேறியிருந்தால் 0.52 தருகிறது. குழி விழுந்திருந்தால் மட்டும் மறுபடி செய்யுங்கள்.

கேள்வி (மணலி): தொடுபரப்பிலும் (பிளேட்டுகள் ஒன்றையொன்று தொடும் முகத்திலும்) ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்துவிட்டோம். இரண்டு போல்ட் கூடுதலாகப் போட்டால் சரியாகுமா?

பதில்: இணைப்பு எந்த வகை என்றே நீங்கள் எழுதவில்லை. சுமையைப் போல்ட்டின் உடம்பு தாங்கும் சாதாரண இணைப்பு என்றால் பிரைமரால் கெடுதல் இல்லை. கிரேன் கர்டர் (கிரேன் ஓடும் உத்தரம்) போல அதிர்வும் திசை மாறும் விசையும் உள்ள இடத்தில், பிளேட்டுகளின் உராய்வே சுமையைத் தாங்க வேண்டும், சறுக்கவே கூடாது என்று வடிவமைத்த இணைப்பு என்றால், இரண்டு போல்ட் எந்த மூலைக்கும் போதாது. 8.8 வலிமைத் தரத்தில், எம்20 (20 மி.மீ. விட்டம்) போல்ட்டின் இறுக்க விசை ஏறத்தாழ 137 கிலோநியூட்டன். ஷாட் பிளாஸ்ட் செய்த பரப்பில், உராய்வுக் கெழு 0.5 என்ற கணக்கில், பாதுகாப்புக் கழிவு போக, சேவைச் சுமைக்கு (அன்றாடப் பயன்பாட்டில் வரும் சுமைக்கு) ஒரு போல்ட் சுமார் 60 கிலோநியூட்டன் தாங்கும். ரெட் லெட் (சிவப்பு ஈய) பெயின்ட் அடித்த பரப்புக்கு விதிநூல் தருவது 0.1தான், சோதனை முடிவு கையில் இல்லாமல் உங்கள் பிரைமரை அதற்கு மேல் மதிப்பிட முடியாது. அப்படியானால் அதே போல்ட் தாங்குவது 12 கிலோநியூட்டன். சறுக்கிய இணைப்பைப் பிரித்தால், பெயின்ட் படலம் சறுக்கிய திசையில் கோடுகோடாக இழுபட்டிருப்பதையும், போல்ட் ஓட்டையின் ஒரு பக்கத்தில் போய் முட்டி நிற்பதையும் காணலாம். இது பெயின்டர் மீது போட வேண்டிய பழி அல்ல. எங்கே அடிக்கக் கூடாது என்று வரைபடத்தில் ஒரு வரி எழுதாமல், ஸ்பிரே கன்னை அவர் கையில் கொடுத்தவர்கள்தான் பொறுப்பு. ஆண்டுக்கணக்கில் இதையே சொல்லிவருகிறேன். தொடுபரப்பை டேப் ஒட்டி மறையுங்கள். போல்ட்டுகளை இறுக்கிய பிறகு ஓரங்களுக்குப் பெயின்ட் அடியுங்கள். அடித்துவிட்டதைப் பிளாஸ்ட் செய்து நீக்குவதே வழி.

கேள்வி (எண்ணூர்): கால்வனைஸ் செய்த (துத்தநாக முலாம் பூசிய) பிளேட்டுக்கு உராய்வு எவ்வளவு?

பதில்: ஐ.எஸ். 800 தருவது 0.10. துருப்பாதுகாப்பும் உராய்வும் சேர்ந்து வேண்டுமானால், பிளாஸ்ட் செய்து எத்தில் சிலிக்கேட் துத்தநாகப் பூச்சு அடித்தால் 0.30 கிடைக்கும்.

கேள்வி (இராயபுரம்): எம்20 போல்ட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்க வேண்டும்?

பதில்: தரம், பூச்சு, மரையில் உள்ள மசகு ஆகிய எதையும் சொல்லாமல் எண் மட்டும் கேட்டால் யாராலும் பதில் தர முடியாது. 8.8 போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 550, மசகு மிகுந்த மரையில் போல்ட்டை மிகையாக இழுத்துவிடும். துருவேறிய மரையில் பாதி இறுக்கமும் தராமல் போகலாம். அதே பெட்டியின் போல்ட்டுகளை இழுவிசை அளவியில் சோதித்து, தளத்திலேயே எண்ணை முடிவு செய்யுங்கள். மசகு மரைக்கும் நட்டின் அடிக்கும் மட்டுமே. தொடுபரப்பில் பெயின்ட்டும் கூடாது, எண்ணெயும் கூடாது.

கேள்வி (தண்டையார்பேட்டை): முழுதும் இறுக்கிக் கழற்றிய கால்வனைஸ் போல்ட்டை மீண்டும் போடலாமா?

பதில்: கூடாது.