பதில்: ராணுவ ஆய்வு நடந்தால் பல்கலைக்கழகம் இலக்காகிவிடுமா?

தம்பி, "ராணுவ ஒப்பந்தம் இருந்தாலே பல்கலைக்கழகத்தைத் தாக்கலாம்" என்ற எதிரணி வாதத்துக்கு மூட் கோர்ட்டில் (சட்ட மாணவர்களின் மாதிரி நீதிமன்றப் போட்டியில்) என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். போரில் யாரையும் எதையும் தாக்கலாம் என்பதற்கு வரம்பு வைக்கும் ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977 முதலாம் கூடுதல் நெறிமுறையின் 52-ஆம் பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடம் போருக்கு உண்மையிலேயே கைகொடுக்க வேண்டும். அதை அழிப்பதால் அந்த நேரத்தில் திட்டவட்டமான ராணுவ ஆதாயமும் கிடைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் இலக்கு. 'வளாகம்' என்று மொத்தமாகப் பேச விடாதீர்கள், எந்தக் கட்டடம் என்று கேளுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, 2025 ஜூனில் ஈரானிய ஏவுகணை இஸ்ரேலின் வைஸ்மான் அறிவியல் ஆய்வு நிறுவனத்தைத் தாக்கியது. நொறுங்கியதில் புற்றுநோய் ஆய்வு நடந்த கட்டடமும் ஒன்று. இதய ஆய்வுக்காகப் பல ஆண்டுகள் சேர்த்த திசு மாதிரிகள் இடிபாட்டோடு போயின. எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஒன்று கவனம்: இரு நாடுகளும் அந்த நெறிமுறையை ஏற்புறுதி செய்யவில்லை. நடுவர் அங்கேதான் மடக்குவார். இந்த இரட்டை நிபந்தனை வழக்காற்றுச் சட்டமும்கூட, அதாவது ஒப்பந்தத்தில் சேராத நாட்டையும் கட்டுப்படுத்தும் என்று சொல்லுங்கள்.