ஆண்ட்ரமீடாவின் தூரம் ஏன் மாறியது?

கேள்வி: நான் பள்ளியில் படித்தபோது ஆண்ட்ரமீடா விண்மீன் திரள் 20 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். என் மகனின் புத்தகத்தில் 25 லட்சம் என்றிருக்கிறது. இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் எதை நம்புவது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இதைவிடப் பெரிய மாற்றமெல்லாம் நடந்திருக்கிறது, அம்மா. 1920-இல் அது நம் விண்மீன் திரளான பால்வீதிக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதே வழக்காக இருந்தது. ஷாப்லி, கர்ட்டிஸ் என்ற இரு வானியலாளர்கள் வாஷிங்டனில் மேடையேறி வாதாடினார்கள்.

வழக்கைத் தீர்த்தது ஒரு கண்ணாடித் தகடு. 1923 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில், 100 அங்குலத் தொலைநோக்கியில் எட்வின் ஹபிள் எடுத்த படம் அது. திடீரென வெடித்து ஒளிரும் நோவா என்று எண்ணி ஒரு புள்ளிக்கு அருகே 'என்' என்று குறித்திருந்தார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டால், அது சீராக ஏறி இறங்கி ஒளிரும் செபீட் விண்மீன். 'என்' எழுத்தை அடித்துவிட்டு 'வார்!' என்று எழுதினார், மாறும் விண்மீன் என்ற பொருளில். அந்தத் தகட்டின் படத்தை எப்போது எடுத்தாலும் என் கண் அந்த ஆச்சரியக்குறியில்தான் போய் நிற்கும்.

செபீட் கிடைத்தால் தூரம் கிடைத்த மாதிரி. மெதுவாகத் துடிப்பது அசலில் அதிகப் பிரகாசமானது என்று 1912-இல் காட்டியவர் ஹென்ரியட்டா லெவிட். ஹார்வர்டில் மணிக்கு 30 சென்ட் கூலிக்குத் தகடுகளை அளந்துகொண்டிருந்தவர். பல்பு எத்தனை வாட் என்று தெரிந்தால், மங்கித் தெரிவதைக் கொண்டு தூரத்தைச் சொல்லிவிடலாமே, அதுதான் கணக்கு. 1921-லேயே அவர் இறந்துபோனார். ஹபிளின் தகட்டை அவர் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஹபிளுக்குக் கிடைத்த விடை சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. செபீட்களில் இரண்டு வகை உண்டு, வாட் கணக்கில் பிழை என்று வானியலாளர் வால்டர் பாடே 1952-இல் அறிவித்ததும் தூரம் இரட்டிப்பானது. அதுவரை, இந்தத் தூரங்களை வைத்துக் கணக்கிட்ட பிரபஞ்சத்தின் வயது பூமியின் பாறைகளைவிடக் குறைவாக வந்து எல்லோரையும் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த உறுத்தலும் தணிந்தது. பிறகு, இடையிலுள்ள தூசு ஒளியை எவ்வளவு மறைக்கிறது, பக்கத்துச் செபீட்கள் உண்மையில் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் துல்லியமாகி, 25 லட்சத்துக்கு வந்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில் பிழை என்று காட்டிவிட்டுத்தான் எண்ணை மாற்றினார்கள். அதனால்தான் நான் நம்புகிறேன்.

கார்த்திகையில் நிலா இல்லாத இரவு, 8 மணி வாக்கில், ஊர் வெளிச்சம் படாத வயல் பக்கம் மகனை அழைத்துப் போங்கள். வடக்கே நிமிர்ந்து பார்த்தால், சாதாரண பைனாகுலரிலேயே பஞ்சுத் துணுக்குபோல் தெரியும்.